‘எனக்கு வராது’ என்று உள்ளிருந்து சொல்லும் குரலை மாற்ற முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரியும் பெண். அவருடைய வேலையில் குறை சொன்னவர் எவரும் இல்லை. சென்ற ஆண்டு ஊதிய உயர்வும் கிடைத்திருக்கிறது. ஆனால் கூட்டத்தில் பேச வாயெடுக்கும் நொடியில், ‘உளறாதே, உனக்கு இங்கிலீஷும் வராது, விஷயமும் தெரியாது’ என்று உள்ளே ஒரு குரல் எழுகிறது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிடுகிறார். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் திறமைசாலி, என்னால் முடியும்’ என்று இருபது முறை சொல்லும்படி தோழி ஒருவர் கூற, மூன்று வாரம் சொல்லிப் பார்த்திருக்கிறார். “சொல்லும்போதே பொய் சொல்கிறேன் என்று தோன்றுகிறது. முன்பைவிடச் சோர்வாக இருக்கிறது. நமக்குள் பேசிக்கொள்வதை மாற்றினால் தன்னம்பிக்கை வரும் என்பது உண்மைதானா, இல்லை எனக்குத்தான் அதுவும் வரவில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

உளவள ஆலோசகராக இருக்கும் நான் இதே கேள்வியைப் பல உருவங்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். கேள்வி கேட்கும்போதுகூட அந்தக் குரல் உங்களை விடவில்லை. ஒரு வைத்தியம் பலிக்கவில்லை என்றால், வைத்தியம் தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் வருவதற்கு முன்பே, ‘எனக்குத்தான் வரவில்லை’ என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

உங்களிடம் குறை இல்லை, வைத்தியம்தான் பொருந்தவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைப் பங்கேற்றவர்களில் சிலர் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தம்மைப் பற்றி நல்ல எண்ணம் உடையவர்களுக்கு அதனால் சிறிது நன்மை இருந்தது. தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமான மனநிலைக்குப் போனார்கள். யாருக்கு அது தேவை என்று நினைக்கிறோமோ, அவர்களுக்கே அது ஆகாததாக இருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. நம் நம்பிக்கைக்கு வெகுதொலைவில் இருக்கும் ஒரு வாக்கியத்தை வாய் சொன்னால், மனம் அதற்கு எதிர்ச்சாட்சி தேட ஆரம்பிக்கிறது. ‘நான் திறமைசாலி’ என்று நீங்கள் சொல்ல, ‘அப்படியா, போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?’ என்று உள்ளிருந்து கேள்வி எழும். இருபது முறை சொன்னால் இருபது சாட்சிகள் வந்து நிற்கும்.

அந்தக் குரலை அடக்கிவிடலாம் என்று முயல்வதும் உதவாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் குரங்குதான் நினைவுக்கு வரும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லி, அந்தக் கரடி மீண்டும் மீண்டும் அவர்கள் நினைவில் வந்ததைப் பதிவுசெய்தார். ஆகவே குரலைப் புகழ்ச்சியால் மூடுவதும் வேண்டாம், அடித்து விரட்டுவதும் வேண்டாம். அது என்ன சொல்கிறது, எந்தச் சொல்லால் சொல்கிறது, யாராக நின்று சொல்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அந்தப் பேச்சைத் திருத்த வேண்டும். நான் சொல்லப்போவது அவ்வளவுதான்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் மீதுள்ள அச்சம் பாதி குறையும். நான்கு வயதுக் குழந்தை கட்டைகளை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘இதை இங்க வைக்கணும்... ம்ஹும், விழுந்துடும்... பெருசை அடியில வை’ என்று தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டே அடுக்கும். சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, 1934இல் தாம் இறப்பதற்கு முன் எழுதியவற்றில், இந்தப் பேச்சுதான் வயது ஏற ஏற உள்ளே போய் மனப்பேச்சாக ஆகிறது என்று விளக்கினார். முதலில் அம்மா குழந்தைக்குச் சொல்கிறாள். பிறகு குழந்தை அதையே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. பிறகு உதடு அசையாமல் சொல்லிக்கொள்கிறது. நமக்குள் ஒலிக்கும் பேச்சு நம்மைச் சுற்றி இருந்தவர்களிடமிருந்து வந்தது என்பதே இதன் பொருள். என்னிடம் வருபவர்களிடம் ‘அது யார் குரல் மாதிரி இருக்கிறது?’ என்று கேட்பேன். பெரும்பாலோர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒருவரைச் சொல்வார்கள். கரும்பலகைக்கு முன் நிற்கவைத்து ‘மக்கு’ என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியர். ‘நீயெல்லாம் எங்கே உருப்படப் போற’ என்ற பெரியப்பா. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணைத் தினமும் சொல்லிக்காட்டிய அம்மா. அவர்களில் பலர் பிள்ளை முன்னேற வேண்டுமென்ற பதைப்பில்தான் அப்படிப் பேசினார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவர்கள் மேல் பழி போடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் குரல் உங்களைப் பற்றிய உண்மையை அறிந்த சாட்சி அல்ல, பழைய நினைவின் எதிரொலி என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இனி அதன் சொற்களுக்கு வருவோம். இதில் நான் சற்று நேரம் நிற்க வேண்டும்; ஏனென்றால் நம் தமிழிலேயே இதற்கான நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

ஒரு திறமையைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘அவளுக்குக் கோலம் நன்றாக வரும்’, ‘எனக்குக் கணக்கு வராது’. திறமை தானாக எங்கிருந்தோ வந்து சேரும் ஒன்று போலவும், நாம் வாசலில் காத்து நிற்பவர் போலவும் இந்த வாக்கியம் அமைந்திருக்கிறது. வந்தால் வந்தது, வராவிட்டால் நாம் செய்ய ஒன்றுமில்லை. அதிலும் ‘வராது’ என்ற வினையைப் பாருங்கள். அது நேற்று வராததையும் சொல்கிறது, இன்று வராததையும் சொல்கிறது, நாளை வரப்போவதில்லை என்றும் சொல்கிறது. ஒரே சொல்லில் முக்காலத்துக்கும் கதவை அடைத்துவிடுகிறோம். ‘வரவில்லை’ என்பதோ நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘நேற்று எனக்குப் பேச்சு வரவில்லை’ என்பது செய்தி. ‘எனக்குப் பேச்சு வராது’ என்பது தீர்ப்பு. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு விகுதி. ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க இடமிருக்கிறது; இரண்டாவதற்குப் பிறகு அந்த இடமே இல்லை.

‘தெரியாது’ என்பதும் இத்தகையதே. ‘எனக்கு அது தெரியாது’ என்பதை ‘அதை நான் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உண்மை மாறவில்லை, தெரியாத விஷயம் தெரியாததாகவே இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்வது ஒரு வேலை என்பதும், அந்த வேலையைச் செய்யக்கூடியவர் நீங்கள் என்பதும் வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. ‘எப்பவுமே நான் இப்படித்தான்’ என்பதில் ‘எப்பவுமே’ என்ற ஏகாரத்தையும் ‘இப்படித்தான்’ என்ற தானையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘நான் இப்படிச் செய்தேன்’ என்பது மட்டுமே. தன்னம்பிக்கைக் குறை உள்ளவர்களின் பேச்சில் இந்த ‘ஏ’, ‘தான்’, ‘எல்லாமே’, ‘ஒண்ணுமே’ ஆகியவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அன்று திருத்த வேண்டாம், கவனித்தால் போதும்.

கண்ணாடி முன் சொல்லும் வாக்கியத்துக்கும் இந்தத் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு, திருத்திய வாக்கியம் உண்மையாக இருக்கிறது என்பதுதான். மனம் மறுக்க முடியாத வாக்கியத்தைத்தான் மனம் ஏற்கும். ‘நான் அருமையாகப் பேசுவேன்’ என்பதை உங்கள் மனம் ஏற்காது. ‘போன மாதம் இரண்டு கூட்டத்தில் பேசினேன், நான்கில் பேசவில்லை’ என்பதை அது மறுக்க முடியாது.

இதைத் தாளில் செய்வதற்கு ஒரு முறை உண்டு. பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், 1960களில், தம்மிடம் வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மனத்தில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ‘நான் இவருக்குச் சலிப்பூட்டுகிறேன்’, ‘இதையும் தப்பாகச் சொல்கிறேன்’ என்பது போன்ற மின்னல் வேக எண்ணங்கள். அவர்களே அவற்றைக் கவனித்ததில்லை; ஆனால் அவற்றால்தான் சோர்ந்தார்கள். அந்த எண்ணங்களைப் பிடித்து, எழுதி, சான்று கேட்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அறிதிறன் சிகிச்சையின் அடிப்படை அதுவே.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். செவ்வாய்க்கிழமை 11 மணிக் கூட்டம். அறிக்கையில் ஓர் எண் ஏன் கூடியிருக்கிறது என்று மேலாளர் கேட்டார். உங்களுக்கு அந்த நேரத்தில் விடை நினைவில் இல்லை. ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்றீர்கள். முகம் சூடானது. உள்ளே, ‘மூணு வருஷமா இருந்து இதுகூடத் தெரியல, மானம் போச்சு, எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.’ இதை அப்படியே, அந்தப் பேச்சுத்தமிழிலேயே, தாளின் இடப்பக்கம் எழுதுங்கள். அழகான தமிழில் எழுதினால் அதன் கொடுக்கு மறைந்துவிடும். பிறகு வலப்பக்கம், அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். மேலாளர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அடுத்தவரிடம் போனார். 20 நிமிடத்தில் விடையை அனுப்பினேன். ‘நன்றி’ என்று பதில் வந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை, மானமும் போகவில்லை. சிரித்திருந்தால் அதையும் எழுத வேண்டும். இதில் நேர்மை முக்கியம். கடைசியாக, இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு மூன்றாவதாக ஒரு வாக்கியம்: ‘அந்த எண்ணுக்கான காரணத்தை நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை, கேட்டதும் விரைவாகக் கண்டுபிடித்தேன், அடுத்த முறை மாறியிருக்கும் எண்களை மட்டும் முதல் நாள் மாலை பார்த்துவைப்பேன்.’ இதில் புகழ்ச்சியும் இல்லை, ஏச்சும் இல்லை. செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மூன்று வாரம் கண்ணாடிக்குக் கொடுத்தீர்கள் அல்லவா? அதே மூன்று வாரத்தை, நாளைக்குப் பத்து நிமிடம், இந்தத் தாளுக்குக் கொடுங்கள்.

இங்கே ஊதிய உயர்வு பற்றியும் ஒரு சொல். நீங்கள் அதைக் கேள்வியில் குறிப்பிட்டுவிட்டு, ஒன்றுமில்லாதது போலக் கடந்துவிட்டீர்கள். பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல், கல்வியிலும் பணியிலும் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களுடன் பழகிய அனுபவத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களில் பலர், தாங்கள் அறிவாளிகள் அல்லர், எப்படியோ எல்லாரையும் ஏமாற்றிவிட்டோம், ஒரு நாள் குட்டு வெளிப்படும் என்று நம்பினார்கள். வெற்றி வந்தால் அதிர்ஷ்டம், தேர்வாளரின் தவறு, மேலதிகாரியின் நல்ல மனம். தோல்வி வந்தால் மட்டும் அது தங்களுடையது. உங்கள் தாளில் வலப்பக்கம் நல்லது எதுவும் எழுத வராமல் போனால், இந்தத் தராசு உங்களிடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, அந்தக் குரல் யாராக நின்று பேசுகிறது என்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈத்தன் க்ராஸும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், சிறிது நேரமே தயாரிக்கவிட்டு நடுவர்கள் முன் பேசச் சொன்னார்கள். பேசும் முன் தங்கள் பதற்றத்தைப் பற்றிச் சிலர் ‘நான் ஏன் இப்படி உணர்கிறேன்?’ என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தம் பெயரைச் சொல்லியும் ‘நீ’ என்றும் தம்மை அழைத்து நினைத்துப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லித் தம்மிடமே பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு வெட்கமும் குமைச்சலும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. தன்னிடமிருந்து ஓரடி விலகி நின்று, வேறொருவருக்கு யோசனை சொல்வது போலத் தனக்குச் சொல்ல முடிவதே காரணம். ஊரார் பிள்ளைக்குத் துணிவு சொல்ல நம் எல்லாருக்கும் தெரியும். நமக்கென்று வரும்போதுதான் வாய் கட்டிக்கொள்கிறது.

தமிழருக்கு இது புதிதல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தன் மனத்தை எதிரே நிறுத்தி ‘நெஞ்சே’ என்று அழைத்துப் பேசுவது நம் கவிதையின் மிகப் பழைய பழக்கம். திருக்குறளில் 125ஆம் அதிகாரத்தின் பெயரே ‘நெஞ்சொடு கிளத்தல்’. நற்றிணை 284ஆம் பாடலில், பொருள் தேடி ஊரைவிட்டு வந்தவனின் நெஞ்சு ‘அவளிடம் திரும்பிப் போவோம்’ என்கிறது; அறிவோ ‘எடுத்த வினையை முடிக்காமல் விடுவது இழிவு, சற்றுப் பொறு, விரையாதே’ என்கிறது. இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்று அவன் வருந்துகிறான். உள்ளே இரு குரல்கள் எழுவதை ஒரு நோயாக அவன் எண்ணவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறான், எது எதைச் சொல்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் உங்களுக்கு நேர்வது அந்தக் கயிற்றின் நிலைதான். ஆனால் ஒரு யானையின் பிளிறல் மட்டுமே உங்களுக்குக் கேட்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் குரல் ஏற்கெனவே ‘நீ’ என்றுதான் பேசுகிறது: ‘உனக்கு வராது’, ‘உளறாதே’. எனவே ‘நான்’ என்பதை ‘நீ’ ஆக்கினால் மட்டும் போதாது. அந்த ‘நீ’யைச் சொல்பவர் மாற வேண்டும். உங்கள் மேல் உண்மையான அன்பும் கண்டிப்பும் சேர்ந்து வைத்திருந்த ஒருவர் உங்களை எப்படி அழைப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கோவைப் பக்கத்திலிருந்து ஒரு நடுவயதுக்காரர் என்னிடம் வந்தார். சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருப்பவர். வங்கி அதிகாரி முன் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருடைய உள்குரல் அவரை ‘தண்டம்’ என்றுதான் அழைத்தது. அது அவருடைய தந்தையின் சொல். ‘உங்களை நல்லபடியாக அழைத்தவர் யார்?’ என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, ‘அப்பத்தா மட்டும் சாமின்னு கூப்புடும்’ என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை வங்கிக்குப் போகும் முன் வண்டியிலேயே உட்கார்ந்து, ‘சாமி, கணக்குப் புஸ்தகம் கையில இருக்குது, கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும், பையப் பேசு’ என்று அப்பத்தாவின் குரலில் தனக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். கடன் கிடைத்ததா என்பது வேறு கதை. அவர் தடுமாறாமல் பேசினார், அதுதான் அவர் என்னிடம் கேட்டு வந்தது. ‘கண்ணு’, ‘பாப்பா’, ‘தங்கம்’, ‘அம்மாடி’ என்று உங்கள் வீட்டிலும் ஒரு சொல் இருந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

இப்படித் தன்னிடம் இரக்கமாகப் பேசினால் சோம்பல் வந்துவிடும், திட்டினால்தான் வேலை நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் சரியாகச் செய்யாத மாணவர்களில், தம்மிடம் பரிவோடு நடந்துகொள்ளும்படி சொல்லப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். திட்டு வாங்கிய பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஓடுவதைப் பார்த்த எவருக்கும் இது வியப்பாக இருக்காது.

குரலின் சொல்லையும் ஆளையும் மாற்றிய பிறகு, அது என்ன வேலை செய்ய வேண்டும் என்ற கேள்வி வருகிறது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் சித்தியிடம் பார்த்தேன். அவர் 46 வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று இருந்தது. ‘பள்ளத்துல விட்டுடக் கூடாது, பள்ளத்துல விட்டுடக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டே வருவார். வண்டி நேராக அங்கேதான் போகும். மூன்றாம் நாள், சொல்வதை மாற்றினார். ‘கல்லு போட்ட வீட்டு கேட்டைப் பாரு. கேட்டைப் பாரு. மெதுவா. இப்ப பிரேக்கு.’ தெருவே கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டு பள்ளத்தைக் கடந்து போனார். கண் போகும் இடத்துக்கு வண்டி போகும், சொல் போகும் இடத்துக்குக் கண் போகும். இரண்டு வாரத்தில் உதடு மட்டும் அசைந்தது; ஒரு மாதத்தில் அதுவும் நின்றது.

டொனால்ட் மைக்கென்பாம், ஜோசஃப் குட்மேன் ஆகியோர் 1971இல், அவசரப்பட்டுத் தவறு செய்யும் சிறுவர்களுக்கு இதே வரிசையில் பயிற்சி தந்தார்கள். பெரியவர் உரக்கப் பேசிக்கொண்டே ஒரு வேலையைச் செய்து காட்டுவார், சிறுவன் அவர் சொல்லச் சொல்லச் செய்வான், பிறகு தானே உரக்கச் சொல்லிச் செய்வான், பிறகு முணுமுணுத்து, கடைசியில் மனத்துக்குள். விளையாட்டு வீரர்களின் மனப்பேச்சைப் பற்றிய 32 ஆய்வுகளை 2011இல் ஒருசேரத் தொகுத்துப் பார்த்தபோதும், அது உண்மையிலேயே ஆட்டத்தை மேம்படுத்துகிறது என்றும், நுட்பமான செயல்களில் ‘உன்னால் முடியும்’ என்ற ஊக்கத்தைவிட ‘இதை இப்படிச் செய்’ என்ற அறிவுறுத்தல் கூடுதலாக உதவுகிறது என்றும் தெரிந்தது.

உங்கள் குரல் சொல்லும் ‘உளறாதே’ என்பது சித்தியின் ‘பள்ளத்துல விட்டுடக் கூடாது’ தான். எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறதே தவிர, எதைச் செய்வது என்று சொல்லவில்லை. ‘மூச்சு விடு. முதல் வாக்கியத்தை மெதுவாகச் சொல். எண்ணைச் சொல். நிறுத்து’ என்பது சித்தியின் ‘கேட்டைப் பாரு’ போல, செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். ‘அமைதியாக இரு’ என்று அதனுடன் சண்டை போட வேண்டாம். அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘நான் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது, அதை நிறுத்துவது கடினம்.

பேச்சை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் தன்திறன் நம்பிக்கையைப் பற்றி, அதாவது ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கையைப் பற்றி, எழுதியபோது, அது பிறக்கும் வழிகளில் வலுவானது தானே செய்து பார்த்து முடித்த அனுபவம் என்றார். பிறர் சொல்லும் சொல்லோ, நமக்கு நாமே சொல்லும் சொல்லோ அதற்கு அடுத்தபடிதான். மனப்பேச்சின் வேலை உங்களைக் கதவு வரை கொண்டுபோய் விடுவது. உள்ளே போய் ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். அந்த வாக்கியம்தான் அடுத்த முறை சாட்சி சொல்லும்.

உங்கள் ஐயத்தில் உண்மை ஏதேனும் இருந்தால் அதைப் பிரித்தெடுக்கவும் தயங்காதீர்கள். ‘இங்கிலீஷும் வராது, விஷயமும் தெரியாது’ என்று இரண்டை ‘உம்’ போட்டுச் சேர்த்துவிட்டது உங்கள் குரல். விஷயம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு மூன்றாண்டு வேலையே சான்று. ஆங்கிலத்தில் சரளம் போதாமல் இருக்கலாம். அது பயிற்சியால் வளரும் ஒரு கருவி, அறிவின் அளவுகோல் அல்ல. இரண்டையும் பிரித்தால் ஒன்று தானாக உதிர்ந்துவிடும், மற்றது கற்றுக்கொள்ளும் வேலையாக மாறும். அதேபோல், உங்கள் உச்சரிப்பையோ ஊரையோ படித்த பள்ளியையோ யாராவது கேலி செய்தால், அது உங்கள் மனப்பேச்சின் பிழை அல்ல. பிறர் செய்யும் அவமதிப்பைத் தன் தன்னம்பிக்கைக் குறையாக எண்ணி மருகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அதை எதிர்த்துக் கேட்கவோ மேலிடத்தில் சொல்லவோ உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல், அந்தக் குரல் ‘நீ இருந்தே பயனில்லை’ என்ற அளவுக்குப் போனால், தாளும் பேனாவும் போதாது. அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, நீங்கள் பேசப்போகும் ஒரே ஒரு வாக்கியத்தை முதலில் தமிழில் எழுதுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்பது எழுதும்போதே விளங்கிவிடும். பிறகு அதைச் சிறிய, எளிய ஆங்கிலத்தில் எழுதி, அறையில் தனியாக நின்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளின் மேல் ஓரத்தில் உங்களை அன்பாக அழைத்தவரின் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போடப் போட அது கனக்கும். சொன்ன பிறகு என்ன நடந்தது என்று, கேமரா பார்த்தபடி, வலப்பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆறேழு கூட்டம் கழித்து அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்துவிட்டு, விருப்பமிருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.